எரிந்த கட்டடத்தின் பக்கத்துச் சுவர்

சுவர்க் கமிட்டிக்கு நான் தலைவரான கதை சுருக்கமானது. தேர்தல் நடந்தபோது நான் கழிவறையில் இருந்தேன். திரும்பி வந்தால் எல்லோரும் கை தட்டினார்கள். கை கழுவிவிட்டு வந்ததற்காகத் தட்டுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நானும் சேர்ந்து தட்டினேன்.

எங்கள் தெருக் கட்டடமான காசாவில் எல்லாமே இப்படித்தான் நடக்கும். அந்தக் கட்டடத்துக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு, வாசலுக்கு மேலே கல்லில் வெட்டியிருக்கிறது. யாரும் அண்ணாந்து படித்ததில்லை. எங்களுக்கு அது காசா, எங்கள் மொழியில் வீடு. மூன்று தலைமுறைக்கு முன்னால் மேல்தெருக்களின் பணக்காரப் பெண்கள் சிலர், ஏழைகளுக்கு நடுவிலேயே குடியிருந்து அவர்களைக் கடைத்தேற்றுவது என்று கிளம்பிவந்து, ஆற்றுப் பக்கமான எங்கள் தெருவில் கட்டியது. முதலில் எங்களுக்கு முன்பு இங்கிருந்த யூதர்களுக்கும் இத்தாலியர்களுக்கும் குழந்தையைக் குளிப்பாட்டக் கற்றுக்கொடுத்தார்களாம். அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று தெரிந்ததும் பாட்டு, நாடகம், களிமண், ஓவியம் என்று இறங்கிவிட்டார்கள். போர்த்தோ ரீக்கோவிலிருந்து நாங்கள் வந்து சேர்ந்தபோது இதெல்லாம் தயாராகக் காத்திருந்தது.

என் மனைவி இறந்த பிறகு காசாவில் நான் சேராத வகுப்பு இல்லை. பாட்டுக் குழுவில் வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று ஆசிரியை அன்பாகச் சொன்னாள். களிமண் வகுப்பில் நான் செய்த காபிக் கோப்பையைப் பார்த்து, “என்ன தோன் எலிசேயோ, ஆமையா?” என்றார்கள். ஆமை என்றே சொல்லிவிட்டேன். பரிசு கிடைத்தது.

பிறகுதான் சுவர் வந்தது.

காசாவின் கிழக்குப் பக்கச் சுவரை அதற்கு முன் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அதை ஒட்டி ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்று நின்றது. சுவர் வேலை தொடங்குவதற்கு நான்கு வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதத்தில் அது எரிந்தது. மாநகராட்சி மிச்சத்தை இடித்துத் தள்ளியதும் ஒரு மைதானம் நிறையச் செங்கல்லும், வெயில் படாமல் வெளுத்துக் கிடந்த இந்தப் பெரிய சுவரும் எங்களுக்குக் கிடைத்தன. அதில் எங்கள் தெருவையே வரைவோம் என்று நெரெய்டா வந்து சொன்னாள். காசாவின் ஓவிய ஆசிரியை, இருபத்தேழு வயது, எப்போதும் ஒரு காதுக்குப் பின்னால் பென்சிலும் மறு காதுக்குப் பின்னால் சிகரெட்டும் இருக்கும். ஒருநாள் சிகரெட்டால் கோடு போட முயன்றதை நானே பார்த்தேன்.

எரிந்தது என்று சொன்னேன். எரித்தார்கள் என்பதே சரி. அந்த வருடங்களில் எங்கள் பகுதியில் கட்டடங்கள் தாமாக எரிவதில்லை. வாடகை வசூலாகாத வீட்டுக்காரனுக்குக் காப்பீட்டுப் பணம் தேவைப்படும். தெருவில் போதைக்கு அலைகிற பையன் எவன் கையிலாவது கொஞ்சம் திணித்தால் வேலை முடிந்துவிடும். இந்தக் கட்டடத்துக்குக் கிடைத்த பையனின் பெயர் ஹிராம். தீ வைத்துவிட்டு அவனே மாடி மாடியாக ஓடிக் கதவுகளைத் தட்டி எல்லோரையும் எழுப்பினான். அதனால்தான் ஒருவரும் சாகவில்லை. அதனால்தான் யார் வைத்தது என்றும் எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டு வருடம் கழித்து, அப்போது எங்கள் தெருவின் பல பிள்ளைகளைக் கொண்டுபோன அந்தப் போதை ஊசி வியாதியில் அவனும் போய்ச் சேர்ந்தான்.

அவன் தட்டிய கதவுகளில் மூன்றாம் மாடிக் கதவு, தோன்யா என்று நாங்கள் மரியாதையாகக் கூப்பிடும் எர்சிலியாவுடையது. அவள் அவனுடைய ஞானத்தாய். அவள் புருஷன் ஹெனாரோ ஞானத்தந்தை. தீக்கு முந்தைய வருடமே அவர் இறந்துவிட்டார், அந்த மட்டும் அதிர்ஷ்டசாலி. எர்சிலியா இரவு உடையோடு தெருவில் நின்றாள். வேறெதுவும் வெளியே வரவில்லை.

ஹிராமின் அம்மா ப்ரோவிதென்சியா. ப்ரோவி என்போம். பிள்ளையைப் பெற்றவளும் ஞானத்தாயும் எங்கள் வழக்கத்தில் ஒருவரையொருவர் கொமாத்ரே என்று கூப்பிட்டுக்கொள்வார்கள், கூடப் பிறந்தவளைவிட ஒரு படி மேலான உறவு அது. தீக்குப் பிறகு எர்சிலியா ப்ரோவியை அப்படியும் கூப்பிடவில்லை, வேறு எப்படியும் கூப்பிடவில்லை. தெருவில் எதிரே வந்தால் கடை ஜன்னலில் வாழைக்காயைப் பார்ப்பாள்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் நான்தான் அந்த விதியைப் போட்டேன். சுவரில் யார் யார் முகம் வர வேண்டும் என்று முதல் கூட்டத்தில் ஒரே சண்டை. தலைவர் என்ற முறையில் எழுந்து நின்றேன். “கோடை முழுக்க இந்தச் சுவர்ல வேலை செய்யற ஒவ்வொருத்தரும் ஒரு முகம் கொண்டு வரலாம். இருக்கறவங்களோ செத்தவங்களோ. ஏன் எதுக்குன்னு யாரும் கேக்கக் கூடாது” என்றேன். பலத்த கைதட்டல். இந்த முறை எனக்குத்தான் என்பதில் சந்தேகமில்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

வேலைக்கு முதல் ஆளாக வந்தவள் ப்ரோவி. சுவரைச் சுரண்டினாள், கம்பித் தூரிகையால் தேய்த்தாள், சாரத்தின் உச்சியில் ஏறி விரிசல்களில் சாந்து அடைத்தாள். எர்சிலியாவும் வந்தாள். சாரத்தின் இந்தக் கோடியில் ஒருத்தி, அந்தக் கோடியில் ஒருத்தி. நடுவில் முடிதிருத்தும் நீக்கோ. “நான் நடுவுல நிக்கலைன்னா இந்தச் சாரம் ஏதாவது ஒரு பக்கம் சாஞ்சிரும்யா” என்பான்.

ஆகஸ்டில் முகங்களைக் கொண்டுவரும் நாள் வந்தது. காசாவின் இரண்டாம் மாடி ஓவிய அறையில் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். ஒருத்தி தன் தாயின் படத்தைக் கொண்டுவந்தாள். சலவைக் கடை லியூ தன் அண்ணனுடைய படத்தைக் கொண்டுவந்தார். நான் என்னுடைய படத்தைக் கொண்டுபோனேன்.

“அண்ணே, உயிரோட இருக்கறவங்களும் வரலாம்னு நீங்க விதி போட்டப்பவே எனக்குச் சந்தேகம்தான்” என்றான் நீக்கோ.

“கோடை முழுக்க உழைச்சிருக்கேன்டா.”

“ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க.”

“விட்டிருந்தா நீ விழுந்திருப்பே.”

எர்சிலியாவிடம் படம் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, “என் வீட்டுக்காரர் முகம். நான் சொல்றேன், நீ வரை” என்றாள் நெரெய்டாவிடம். நெரெய்டா காதிலிருந்து சரியான பக்கத்துப் பொருளை எடுத்தாள்.

“அகலமான நெத்தி.”

“அகலமா? தோன்யா, அது வழுக்கை” என்றான் நீக்கோ.

“நீ வெட்டி வெட்டித்தான் வழுக்கை. முதல்ல நெத்தியாதான் இருந்துச்சு.”

“சரி, மூக்கு?” என்றாள் நெரெய்டா.

“நேரா, எடுப்பா இருக்கும்.”

“குத்துச்சண்டையில உடைஞ்ச மூக்கு” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

“நேரா உடைஞ்சது” என்றாள் எர்சிலியா.

நெரெய்டா வரைந்து காட்டினாள். எர்சிலியா இல்லையென்று தலையசைத்தாள். நெரெய்டா அழித்து மறுபடி வரைந்தாள். இல்லை. நீக்கோவைக் கேட்டார்கள். “முப்பது வருசம் அந்தத் தலைக்கு முடி வெட்டியிருக்கேன். பின்மண்டையைக் கேளுங்க, அச்சு அசலா சொல்றேன். முகத்தை எங்க பாத்தேன், கத்திரியைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.” எல்லோரும் சிரித்தோம். நான்காவது படமும் தப்பாக வந்தபோது எர்சிலியா சிரிக்கவில்லை. “எனக்கே மறக்குதும்மா” என்றாள். “நேத்து வரைக்கும் கண்ணை மூடினா தெரிஞ்சாரு. நீ வரைய வரைய அதுதான் தெரியுது, அவர் தெரியல.”

நெரெய்டா பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

அப்போது ப்ரோவி தன் படத்தை மேஜைமேல் வைத்தாள். நாங்கள் எல்லோரும் அவளுடைய புருஷன் படத்தை எதிர்பார்த்தோம். அது ஹிராம். தோல் சட்டை, காரில் சாய்ந்து நிற்கிறான், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. நல்ல படம். ஒவ்வொரு இமை மயிரையும் எண்ணலாம்.

“இவனையா?” என்றான் நீக்கோ. “இந்தச் சுவர்லயா?”

“விதி அப்படித்தானே” என்றாள் ப்ரோவி. என்னைப் பார்த்துச் சொன்னாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கழிவறைக்குப் போயிருக்கக் கூடாதா என்று தோன்றியது.

“போடட்டும், போடட்டும். அவன் இல்லாட்டி இந்தச் சுவரே நமக்குக் கிடைச்சிருக்காதே. முகப்புல பேரையும் போட்டு நன்றின்னு எழுதுங்க” என்றாள் எரிந்த கட்டடத்தின் நான்காம் மாடியில் குடியிருந்த ஒருத்தி. நன்றி சொல்லும் குரல் இல்லை அது.

“தோன்யா ப்ரோவி, வேற யாரையாவது குடுங்களேன், உங்க அம்மாவை...” என்று நான் ஆரம்பித்தேன். தலைவர்கள் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

“எனக்கு அம்மாவும் இருந்தா, புருஷனும் இருந்தான். அவங்களை எல்லாரும் ஞாபகம் வெச்சிருக்காங்க. இவன் பேரைச் சொன்னா மட்டும் தெருவே வாயை மூடிக்குது. என் புள்ளை இங்க பொறந்தான், இந்தப் படிக்கட்டுல விளையாடினான், காசாவுல, குழந்தை ஏசுவைப் பாக்க வர்ற மூணு ராஜாக்கள் நாடகத்துல ஒட்டகமா நடிச்சான். செஞ்சதைச் செய்யலைன்னு சொல்லல. அதையும் சேர்த்துத்தான் அவன். அவனும் இந்தத் தெருதான்.”

எர்சிலியா எழுந்தாள். நான்கு வருடங்களில் முதல் முறையாக ப்ரோவியைப் பார்த்துப் பேசினாள்.

“உன் கையில போட்டோ இருக்கு. என் கையில இல்ல. ஏன்னு உன் புள்ளையைக் கேளு.”

போய்விட்டாள். கூட்டம் கலைந்தது. தலைவர் மேஜையைத் துடைத்தார்.

விதிப்படி ப்ரோவியின் பக்கம் நியாயம் இருந்தது, அது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் அந்த முகத்தை இருபதடி உயரத்தில் வரைந்து, எர்சிலியா தினமும் ரொட்டி வாங்கப் போகிற வழியில் வைப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை. அவன் முகத்தைப் போட்டால் எர்சிலியா காசாவுக்கு வரமாட்டாள். போடாவிட்டால் ப்ரோவி வரமாட்டாள். நெரெய்டாவிடம் கேட்டேன். “நான் பெயிண்டுக்கு மட்டும்தான் பொறுப்பு, தோன் எலிசேயோ” என்று சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் சாரத்தடியில் எர்சிலியா தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ப்ரோவி மைதானத்தின் செங்கற்களுக்கு நடுவே நடந்து வந்தாள். நானும் நீக்கோவும் ஏதோ முக்கியமான வேலை இருப்பதுபோல் ஏணிக்குப் பின்னால் நின்றோம். ப்ரோவி தன் பையிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“இதை அவகிட்ட குடுங்க.”

“நீங்களே குடுங்க.”

“நான் என் கையால குடுக்கற எதையும் அவ வாங்கறதில்ல. நாலு வருசமா பாக்கறேன்.”

வாங்கி எர்சிலியாவிடம் கொடுத்தேன். ஞானஸ்நானப் படம். பாதிரியாரின் அக்கா மகன் அன்றைக்குத்தான் காமிரா வாங்கியிருந்தான், அந்த விழாவில் அவன் எடுத்த எல்லாப் படத்திலும் எல்லோருக்கும் தலை போயிருந்தது. இதிலும் கழுத்து வரைக்கும்தான். நல்ல கோட்டு, தொங்குகிற டை, இரண்டு பெரிய கைகள். கைகளில் வெள்ளைத் துணிக்குள் ஒரு குழந்தை, வாயைத் திறந்து அழுகிறது.

எர்சிலியா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

“இதுல ஹெனாரோ இருக்காரு, எடுத்துக்கோ. பதிலுக்கு நான் எதுவும் கேக்கல” என்றாள் ப்ரோவி. பக்கத்தில் வராமலே சொன்னாள்.

“இது அவர் கை” என்றாள் எர்சிலியா. எங்களிடமல்ல. “இந்த விரல்ல நுனி இருக்காது. பித்தான் ஆலையில போனது. இந்த மோதிரம் கழட்ட வராது, சோப்புப் போட்டும் வராது...” நீக்கோ மெல்ல எட்டிப் பார்த்தான். “ஆமா தோன்யா, அவரேதான். சட்டைக் காலரைப் பாருங்க. அதுக்கு மேல நான்தான் வெட்டியிருப்பேன்” என்றான். முட்டாள்தனமான பேச்சு. ஆனாலும் எர்சிலியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

நெரெய்டாவைக் கூப்பிட்டாள். “கையை மட்டும் வரைய முடியுமா?”

“முடியும். எரிஞ்ச கட்டடத்தையும் சுவர்ல வரையறோம் இல்ல, மூணாவது மாடி ஜன்னல்ல வெச்சுடலாம். திரையைப் பாதி இறக்கி விட்டா தலை தெரியலைன்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா...” நெரெய்டா நிறுத்தினாள். “கை சும்மா இருக்காதே தோன்யா. எதையோ ஏந்திக்கிட்டு இருக்கு.”

செங்கல்மேல் ஒரு புறா நடந்தது. நாங்கள் எல்லோரும் அந்தப் புறாவைப் பார்த்தோம்.

“இந்தக் கையிலேருந்து அதை எடுத்துட்டா கை கையா இருக்காது” என்றாள் எர்சிலியா கடைசியில். “சரி. இந்த வயசுல இருக்கறவனை வரை. ஆனா இதுக்கு மேல ஒருநாள்கூட அவனை வளர விடாதே.”

நியாயமான தீர்ப்பு என்று நினைத்தேன். சொந்தமாக ஒன்றும் செய்யாமல் பிரச்சினை தீர்ந்துவிட்ட தலைவரின் சந்தோஷம் எனக்கு. ப்ரோவி திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தாள். பின்னால் ஓடினேன்.

“தோன்யா, ஒத்துக்கிட்டா! ஹிராம் சுவர்ல வரப் போறான்!”

“அது ஹிராம் இல்ல, தோன் எலிசேயோ. அது ஒரு பாப்பா. எல்லாப் பாப்பாவும் அப்படித்தான் இருக்கும். வளர்ந்தவனைத்தான் நான் கடைசியில குளிப்பாட்டினேன். அவனை யாருக்கும் வேணாம். சரி, வரையுங்க. எனக்கு வேற என்ன கிடைக்கப் போகுது.”

திரும்பிப் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

ஆனாலும் மறுநாள் வேலைக்கு வந்தாள். நெரெய்டா பெரிதாக்கிய கோடுகளைச் சுவரில் மாற்றியிருந்தாள். குழந்தையின் துணியை யார் வரைவது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ப்ரோவியே வெள்ளைப் பெயிண்ட் வாளியை எடுத்துக்கொண்டு ஏறினாள். எர்சிலியா பழுப்பு வாளியோடு மறுபக்கத்திலிருந்து ஏறினாள். நீக்கோ நடுவில் நிற்கப் போனான். “இடிச்சுக்கிட்டு நிக்காதேடா, இறங்கு” என்றாள் எர்சிலியா. மூன்று நாள் அடுத்தடுத்து நின்று வரைந்தார்கள். பேசிக்கொண்டது இவ்வளவுதான்:

“உன் வெள்ளை என் விரல்மேல வழியுது.”

“துடைச்சுடறேன்.”

“துடைக்காதே, பரவும். காயட்டும்.”

என் முகத்தைக் கீழே, மழைநீர்க் குழாய் பக்கத்தில் போட்டார்கள். கண் மட்டத்தில் இருப்பது கௌரவம்தான் என்றாள் நெரெய்டா. யாருடைய கண் மட்டம் என்று சொல்லவில்லை. அந்தத் தெருவின் நாய்கள் எல்லாம் என்னைத் தினமும் விசாரித்துவிட்டுப் போகின்றன.

செப்டம்பரில் திறப்பு விழா. பாட்டுக் குழு பாடியது, நான் வாயசைத்தேன். மைதானத்தில் செங்கல்லை ஒதுக்கி மேஜைகள் போட்டு, சோறும் பன்றி வறுவலும் வாழையிலையில் கட்டிய பாஸ்தேலும் வைத்திருந்தோம். பெயிண்டுக்குப் பணம் கொடுத்த அறக்கட்டளையிலிருந்து சாம்பல் நிற சூட் போட்ட ஒரு கனவான் வந்திருந்தார். நல்ல மனிதர், எல்லாவற்றையும் பாராட்டினார், என் மூக்கைக்கூட. சுவர் எதிரே நின்று அண்ணாந்து பார்த்தார். மேலே மூன்றாம் மாடி ஜன்னலில் பாதி இறங்கிய திரை, அதற்குக் கீழே இரண்டு பெரிய கைகள், வாயைத் திறந்து அழும் குழந்தை.

“எவ்வளவு அழகு!” என்றார். “உழைப்பாளியின் கைகள். கையில குழந்தை. இது நம்ம எதிர்காலத்தோட அடையாளம் இல்லையா?”

தலைவர் பதில் சொல்ல வேண்டிய இடம். ஆமாம் ஐயா, எதிர்காலம்தான் ஐயா என்று வாயைத் திறந்தேன். ப்ரோவி எனக்குப் பக்கத்தில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அடையாளம் என்றால் அடையாளம், அவளுக்கு அது ஏற்கெனவே பழகிவிட்டதுபோல் இருந்தது.

“அடையாளமும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்றது ஒரு குரல். எர்சிலியா. கையில் சோற்றுக் கரண்டி. “அது என் வீட்டுக்காரர். அவர் கையில இருக்கறது ஹிராம். என் ஞானப்பிள்ளை. நீங்க நிக்கற இடத்துல இருந்த கட்டடத்தை அவன்தான் எரிச்சான். நான் அதுல குடியிருந்தேன்.”

கனவானின் முகத்தில் புன்னகை எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். அந்தப் பெயரை அந்தத் தெருவில் அவ்வளவு சத்தமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

“எரிச்சானா? இந்தக் குழந்தையா?” என்றார் அவர்.

“அப்புறம் வளர்ந்தான்” என்றாள் எர்சிலியா. “வந்து கதவைத் தட்டினதும் அவன்தான்.”

ப்ரோவி தட்டுகளைக் கீழே வைத்தாள். இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்து எர்சிலியாவுக்கு ஒரு கை தள்ளி நின்றாள். அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தாள், இத்தனை நாளாகப் பார்த்து வரைந்ததையே புதிதாகப் பார்ப்பவள்போல.

“ஆமா” என்றாள் அந்தக் கனவானிடம். “அவன்தான். இருபத்தஞ்சு வயசுல போயிட்டான். என் புள்ளை.”

எர்சிலியா திரும்பவில்லை. கனவானின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.